அம்மாவும் கொட்டலசுக் குஞ்சும்

என் செல்ல நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வல்லத்து நிலத்தில் இந்த முறையும் மல்லாட்டைதான், செடிக்குச் செடி நல்ல கடலை. அம்மா சுகம். அவள் பிடிவாதமும் சுகம்.

மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், தெரியுமா? பக்கத்து வீட்டு மேரி அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். இனி செஞ்சியில் தனியாக விடுவதில்லை, பிச்சாவரத்துக்கு என்னோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவுகட்டி, சாமான் ஏற்ற வேன்கூடச் சொல்லிவிட்டேன்.

"அய்யே, என்னைக் கேட்டியா? கோட்டை மலையப் பாக்காம எனக்குப் பொழுதே விடியாது" என்றாள். "வந்து பாரு, அப்புறம் பேசு" என்று இழுத்துவந்தேன்.

என் வேலை இடத்தைக் காட்டினேன். சுரபுன்னை வேர்களில் ஓடு ஓடாக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே கொட்டலசு, அதன் குஞ்சுகள் எங்கே குடியேறுகின்றன என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. தண்ணீரில் ஒரு வேர்த்துண்டு. அதன்மேல் கடுகைவிடச் சின்னக் குஞ்சு ஒன்று மீசையால் தொட்டுத் தொட்டு நடந்தது. பிடிக்கவில்லை போல, நீந்திப் போய்விட்டது.

"இன்னாடி இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி இவ்ளோ நோட்டம் பாக்குது?"

"தலையை ஒட்டிக்கிச்சுன்னா சாவுற வரைக்கும் நகர முடியாதும்மா. இப்போ அதுக்குச் சாப்பாடும் கிடையாது. தெம்பு தீர்றதுக்குள்ள எடம் புடிக்கணும்."

"எப்படித்தான் முடிவு பண்ணும்?"

"தன் இனம் இருக்குற எடமா பாக்கும். செத்துப்போனது ஒட்டியிருந்த தடம் இருந்தாக்கூட அங்கியே ஒக்காந்துக்கும்."

பாடம் சொல்வதுபோல்தான் சொன்னேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இத்தினியூண்டு பூச்சிக்குத் தெரியுது. என்னை மட்டும் ஏண்டி வேன்ல ஏத்துற?"

நைனா, அழுதுவிட்டேன். "ச்சீ, அழாத. காலைல சாப்டியா இல்லியா?" என்றாள்.

வேனை வேண்டாம் என்றுவிட்டேன். செஞ்சி வீட்டுக் குளியலறைக்கு வழுக்காத தரை போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் உன் கல்லறைக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாளாம். அப்படி என்னதான் பேசுகிறாள்? என்னைப் பற்றிப் புகாரா?

இனி சனிக்கிழமை தோறும் செஞ்சி பஸ்ஸில் நான் இருப்பேன். அவளை அங்கிருந்து பெயர்க்க மாட்டேன், இது என் வாக்கு. உன் பக்கத்தில் அவளுக்கு இடம் இருக்கட்டும். ஆனால் சீக்கிரம் கூப்பிட்டுவிடாதே, நைனா. எனக்கு இன்னும் அம்மா வேண்டும்.

உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா