பட்டனில் நிற்காத கார்

சப்னாட வாப்பா,

இடியப்பமும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன். நான் சாய்ந்தமருதுக்குத் தங்கச்சி வீட்டுக்கு ஆட்டோவில் போகிறேன். உங்கள் காரை நம்பி ஏற மாட்டேன்.

நேற்று யூடியூப் பார்த்து ஹேண்ட் பிரேக்குக்குப் புதுப் பிரேக் ஷூ பூட்டினீர்கள். ஷூவை அட்ஜஸ்ட் பண்ணவும் வேண்டுமென்று அந்த வீடியோக்காரனே சொன்னான். நான் அதைச் சொன்னதற்கு, "ஹேண்ட் பிரேக் பட்டன அமத்தினா அதுவா இறுகும், ஒனக்கென்ன தெரியும்" என்றீர்கள். பட்டனில் லைட் நன்றாகத்தான் எரிந்தது. கார்தான் பின்னால் உருண்டு வாசல் கேற்றை முட்டியது.

இது என்ர சீதன வீடு, அந்தக் கேற் என்ர வாப்பா போட்டது. அசறுத் தொழுகைக்குப் பிறகு அவர் வருகிறார்.

கார் மறுபடி உருளாமல் சில்லுக்கு அண்டை வைத்த அம்மிக் குழவியைக் கழுவி வையுங்கள்.

சுலைஹா

பி.கு: கேற்றை மாடு முட்டியதென்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். எந்த மாடு என்று கேட்டால் நீங்களே சொல்லுங்கள்.