பதினாறாம் நாள்

குவைத், 24.04.1989

அன்புள்ள உம்மாவுக்கு மகள் மர்ழியாவின் ஸலாம். நயினாதீவில் நீங்களும் வாப்பாவும் சுகமாக நோன்பு பிடிக்க துஆக் கேட்கிறேன். நானும் சுகம்தான்.

இந்த முறை மாதவிடாய் நிற்கவில்லை. மாதவிடாயென்றால் நோன்பு இல்லைதானே, சாப்பிடுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நான் வேலை செய்யும் வீட்டு அம்மா தினமும் துணியைக் காட்டச் சொல்லிப் பார்த்தா. பதினைந்து நாள் கடந்ததும், "இனி இது மாதவிடாய் இல்லை, நோய், வருத்தம். குளிச்சிட்டுத் தொழு, நோன்பு பிடி" என்றா.

மார்க்கச் சட்டம் சரிதான், உம்மா.

"வருத்தக்காரரும் நோன்பை விடலாம்தானே? டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றேன்.

"வருத்தமெண்டா ஊருக்கு அனுப்புறன்."

தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு சேருமுன் எப்படி வருவது? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லி நோன்பு பிடித்திருக்கிறேன்.

கிழித்துக்கொள்ள உங்கள் பழைய பருத்திச் சேலை இரண்டு அனுப்புங்கள். ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். இதை வாப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்.

மாடிப்படி கழுவக் கூப்பிடுகிறா. எழும்பினால் கண் இருட்டுகிறது. பசியாகத்தான் இருக்கும்.

மர்ழியா