தலைக்கவசத்துக்கு இருக்கும் விதி தலைக்கு இல்லை

அனுப்புநர்:
த. மெஹ்னாஸ்,
க/பெ. தௌசிப்,
பள்ளிவாசல் பின்தெரு,
பாகலூர், ஓசூர் வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: பாகலூர் அருகே இயங்கும் ‘கிரானைட் ரிங்’ கார் பந்தயத் திடலில், விபத்தில் தலையில் அடிபட்ட ஓட்டுநர்களை முறையான மருத்துவச் சோதனையின்றி மீண்டும் பந்தயத்தில் இறக்குவது – 23.11.2025 அன்று நடக்கவுள்ள பந்தயத்தில் என் கணவர் கார் ஓட்டுவதைத் தடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் என் கணவரோடும் ஐந்து வயது மகள் ஜெய்னபோடும் வசித்து வருகிறேன். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். என் கணவர் தௌசிப், திரு. மோகன்குமார் என்பவரின் கார் பட்டறையில் மெக்கானிக். அந்தப் பட்டறைக்கு ஒரு பந்தய அணி உண்டு. நான்கு வருடங்களாக அந்த அணிக்காக அவர் கார் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுவார். பந்தயமே கூடாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. கடந்த 12.10.2025 ஞாயிறு காலை ஓட்டத்தில் பின்னால் வந்த கார் இடித்து, என் கணவரின் கார் சுழன்று டயர் சுவரில் மோதியது. நானும் மகளும் கேலரியில் இருந்தோம். அவர் தானாகவே இறங்கி நடந்தார். கூட்டம் கைதட்டியது. ஆனால் அவர் நடந்தது பட்டறை ஆட்கள் நின்ற பக்கம் அல்ல. மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த பக்கம். கொடி காட்டும் ஊழியர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்த மனுவுக்கே அவசியம் இருந்திருக்காது. அந்த ஊழியரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

3. விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி அணியக் கூடாது என்பது அந்தத் திடலின் விதி. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே விரிசல் இருக்கலாம் என்பது அதற்குக் காரணம். இந்த விதியை அவர்கள் ஒரு குறையும் இல்லாமல் பின்பற்றினார்கள். என் கணவரின் தலைக்கவசத்தை வாங்கி, டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். பாராட்டுகிறேன். அதற்குள் இருந்த தலைக்கு மட்டும் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை. அது பிற்பகல் ஓட்டத்துக்குத் தகுதியானது என்று முடிவாயிற்று. இன்னொரு ஓட்டுநரின் தலைக்கவசத்தை இரவல் வாங்கி மாட்டி அவரை அனுப்பினார்கள்.

4. அந்தத் தகுதியை எப்படி முடிவு செய்தார்கள் என்பதைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். திடலின் பாதுகாப்பு அலுவலர் திரு. மாதேஸ்வரன், அடிபட்ட ஓட்டுநரிடம் ஐந்து சொற்களைச் சொல்வார். ஓட்டுநர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறந்தால் மூளையில் அதிர்ச்சி, சொல்லிவிட்டால் நலம். முறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடங்களாக அதே ஐந்து சொற்கள்தான் ஐயா: மாம்பழம், சாவி, கம்பளி, ஏணி, தண்ணீர். புதிதாகச் சேரும் ஓட்டுநருக்கு எந்த வளைவில் பிரேக் பிடிப்பது என்று சொல்லித்தரும் முன்பே பட்டறையில் இதைச் சொல்லித்தருகிறார்கள். டீ குடிக்கும்போது ஒருவர் “மாம்பழம்” என்றால் மற்றவர்கள் மிச்சத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு என் மகளுக்கும் மனப்பாடம். திரு. மாதேஸ்வரன் சோதித்தால் ஜெய்னபும் பந்தயக் கார் ஓட்டலாம். அன்று நான் முதலுதவி அறை வாசலில் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கணவர் ஐந்தையும் வரிசையாக ஒப்பித்துவிட்டார். கேள்வி வருமுன் பதில் வந்ததே, இது என்ன கூத்து என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டதற்கு, “ஏம்மா, அஞ்சுக்கு அஞ்சு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் என்ன, மண்டையப் பொளந்தா பாக்க முடியும்?” என்றார் திரு. மாதேஸ்வரன்.

5. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. வருடத் தொடக்கத்தில், நலமாக இருக்கும்போதே ஒரு சோதனை வைக்கிறார்கள். பிறகு அடிபட்டால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஓட்டுநர்கள் அந்தச் சோதனையில் வேண்டுமென்றே தடுமாறுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் விழுவதுபோல் ஆடுவார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் ஆகஸ்டில் நின்று தலையைச் சொறிவார்கள். அப்போதுதான் அடிபட்டபின் தடுமாறினாலும், ‘இவர் எப்போதும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்களாம். பட்டறையில் இதற்குப் பெயர் சாமர்த்தியம். தங்கள் தலையைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் இந்தப் படித்த முட்டாள்தனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

6. பிற்பகல் ஓட்டத்தில் என் கணவர் மூன்றாவதாக வந்தார். கோப்பையை வாங்கிய கையோடு மேடையிலேயே வாந்தி எடுத்தார். வெயில் என்றார்கள். அன்று மேகமூட்டம். அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறார். டியூப் லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். பக்ரீத் முடிந்து மாதங்கள் ஆகின்றன; “மெஹ்னா, ஆடு சொல்லி வைக்கணுமே” என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்டார். பிறந்து வளர்ந்த பாகலூர் கூட்டுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்கே போன் செய்தார். நான் அழுதால், “நான் நல்லாத்தான் இருக்கறேன். வேணும்னா கேளு” என்று அந்த ஐந்து சொற்களையும் சொல்லிக் காட்டுகிறார்.

7. ஓசூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் மூளை குலுங்கியது ஸ்கேனில் தெரிய வேண்டும் என்பதில்லை, அறிகுறிகள் முழுவதும் போகும்வரை கார் பக்கமே போகக் கூடாது, ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்று அந்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார். இதில் முதல் வரி மட்டும் திரு. மோகன்குமாரின் காதில் விழுந்தது. “ஸ்கேன் கிளீனா இருக்குது தங்கச்சி. நீ சும்மா பயந்துக்கற. அவனே ஓட்டறேங்கறான், உனக்கு என்ன?” என்கிறார். எனக்கு என்ன என்று கேட்கிறார் ஐயா. இவரை என் கணவர் அண்ணன் என்று கூப்பிடுகிறார். 

8. காவல் துறையிடம் போகவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். போனேன். திடல் மாநில எல்லைமேல் இருக்கிறது. அதன் வாசல் தமிழ்நாட்டில் இருக்கிறது. என் கணவர் மோதிய வளைவு கர்நாடகத்தில் இருக்கிறது. இங்கே கேட்டால் விபத்து அங்கே என்றார்கள். அங்கே போய்க் கன்னடத்தில் கேட்டேன், கன்னடத்திலேயே கைவிரித்தார்கள். ஆள் நடந்துதானே போனார், செத்தா போனார் என்பது இரண்டு மாநிலமும் ஒருமனதாகக் கேட்ட கேள்வி. பந்தயத்துக்கு அனுமதி வாங்குவது இந்த மாவட்டத்தில் என்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

9. தொடரின் பாதியில் ஓர் ஓட்டுநரை நிறுத்த முடியாது என்று திடல் நிர்வாகம் கூறுகிறது. போன வருடம் சானமாவு காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் நகர்வதாகத் தகவல் வந்ததும், அன்றைய பந்தயம் முழுவதையும் நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியான முடிவுதான். நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

10. ஆகவே ஐயா, வரும் 23ஆம் தேதி ஞாயிறன்று நடக்கும் பந்தயத்தில் என் கணவரை இறக்கக் கூடாது என்று உடனே உத்தரவிட வேண்டுகிறேன். திடலுக்கும் பட்டறைக்கும் சம்பந்தமில்லாத நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்து, எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு அவர் ஓட்டட்டும். நானே வந்து கைதட்டுகிறேன். தலையில் அடிபட்ட எந்த ஓட்டுநரையும் அதே நாளில் மறுபடி காரில் ஏற்றக் கூடாது என்று விதி செய்யுங்கள். சோதனைக்கு ஒவ்வொரு முறையும் வேறு சொற்கள், ஓட்டுநரை முன்பின் அறியாத மருத்துவர். வருடத் தொடக்கச் சோதனையில் நடிப்பவருக்கு அந்த வருடம் பந்தயம் இல்லை என்றும் சொல்லிவிடுங்கள். இவற்றில் எதற்கும் திடல் இடிந்து விழாது.

இந்த மனு கொடுப்பது என் கணவருக்குத் தெரியாது. எங்காவது புகார் கொடுத்தால் தலாக் வரை போவேன் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறார். என் மாமனார், “ஊரு முன்னாடி எம்புள்ளைய பைத்தியம்னு எழுதிக் குடுக்கப் போறியா?” என்று கேட்டார். இருக்கட்டும். விசாரணையின்போது என் பெயரை மறைக்க வேண்டாம். மெஹ்னாஸ்தான் எழுதிக் கொடுத்தாள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். ஆயுசு முழுக்க அவர் என்னைத் திட்டட்டும் ஐயா. யாரைத் திட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு அது போதும்.

இடம்: பாகலூர்
நாள்: 10.11.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. மெஹ்னாஸ்