சுருளுக்கு வைத்த பொட்டு

அண்ணே,

சென்னையிலிருந்து வந்த பேத்தி நாலு சக்கரம் வைத்த பலகை ஒன்றில் ஏறி நின்று வீடெல்லாம் உருண்டுகொண்டிருக்கிறாள். "இதுக்குப் பேரு ஸ்கேட்போர்டு அம்மாயி" என்கிறாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததிலிருந்து மனசால் நான் அரியலூரில் நம் பட்டறையில்தான் இருக்கிறேன். இது எங்கண்ணன் வெள்ளைக்காரன் காலத்திலேயே செய்தது என்றேன். சிரிக்கிறாள்.

குழந்தைகள் நடை பழகும் நடைவண்டிதான் நம் தொழில். அப்பா தொடங்கியதை நீதான் பெரிசாக்கினாய். பெரம்பலூர், ஜெயங்கொண்டம் கடைகளுக்கெல்லாம் நம் வண்டிதான் போனது. ஆனால் சரக்கு ஏற்றின மாட்டுவண்டியில், வைக்கோலுக்கு அடியில், திருச்சியில் வாடகைக்கு எடுத்த கேமராவும் போகும். சரக்கை இறக்கிவிட்டு, குரும்பலூர்ப் பக்கம் கூத்துக்காரர்களை வைத்துப் படம் பிடிப்பாய். கேமரா நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டுமென்று ஒரு பலகைக்கு நடைவண்டிச் சக்கரம் நாலு மாட்டினாய்.

"புள்ளைங்க நடக்க வண்டி செஞ்சோம், இப்ப பொட்டி நடக்கவுமா தம்பி?" என்று பட்டறை ஆள் கேலி செய்தார்.

"அதுவும் இப்பத்தாண்ணே நடை பழகுது" என்றாய்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பட்டறையப் பாரு, இல்ல கூத்தாடிங்களோட போயிடு" என்றவர், அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்கண்ணன சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார்.

அது ஜெர்மன் சண்டைக் காலம். பிலிம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று வாங்கி, வருஷக்கணக்கில் எடுத்து முடித்தாய். கழுவக் கொடுக்க மெட்ராசுக்குக் கிளம்பின காலையில் டப்பாக்களைக் கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய்.

பொட்டு வைக்காமல் நம் வீட்டிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. அப்பா குங்குமச் சிமிழோடு வந்தார். டப்பாக்களை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போனார். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடாவைக் கிழித்து, கறுப்புக் காகிதத்தை விலக்கி, ஒவ்வொரு சுருளையும் வெயிலில் நெடுக அவிழ்த்து, முனையில் மஞ்சள் குங்குமம் வைத்தார். திரும்பச் சுற்றி அழகாக மூடினார். "மனசு எறங்கிட்டாருடி" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது அண்ணே. பேசிக்கொள்ளாத வீட்டில் யார் யாருக்கு என்ன சொல்லித் தருவது?

நீ வந்ததும், "போயிட்டு வாடா. நல்லா வரும்" என்றார் அப்பா. எத்தனை நாள் கழித்து! நீ அப்படியே காலில் விழுந்தாய். சந்தோஷத்தில் டப்பாக்களைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாய்.

"முனையில குங்குமம் இருந்துச்சாம். யாரு வச்சது?"

"அப்பாதான்."

ராட்டினக் கயிற்றை இழுத்துக் கட்டினாய். "கழுவறதுக்கு முந்தி பிலிம்ல வெளிச்சம் படக்கூடாது. அத்தனையும் கறுப்பாயிடுச்சு. அவருகிட்ட மூச்சு விடாத."

உள்ளே போய், "கம்பெனியில வாங்கிக்கிட்டாங்கப்பா. சண்டை முடிஞ்சதும் காட்டுவாங்க" என்றாய். அப்பா தெருவெல்லாம் சொன்னார். சண்டை முடிந்தது. டூரிங் கொட்டகையில் படம் மாறும்போதெல்லாம், "நம்ம பயலோடதா?" என்று போய்க் கேட்டுவிட்டு வருவார். மெட்ராசில் ஓடுகிறது, இங்கே வர நாளாகும் என்பாய். கடைசியில் படுக்கையில் கிடந்தவருக்கு முழுக் கதையையும் ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக் காட்டினாய். "நல்லா எடுத்திருக்கடா" என்றார். மறுநாள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீ கேமராவைத் தொடவில்லை. சாகும்வரை சக்கரம் கடைந்தாய்.

அந்தப் பொய் இப்போது என்னிடம் இருக்கிறது. உன் படத்தைப் பற்றி விசாரிக்கிற பழைய ஆட்களிடம், "மெட்ராசுல நல்லா ஓடுச்சுங்க" என்று தலை நிமிர்ந்து சொல்லி வந்தேன். கேட்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இந்த ரெண்டு வருஷமாக யாருமே கேட்கவில்லை அண்ணே.