உன் அறைக்குப் பூசிய மண்

ஆண்டர்சன்பேட்டை,
14-9-1998

அன்பு மகள் தேவிகாவுக்கு அப்பா பக்தவச்சலம் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருக்கும் குழந்தையும், மாப்பிள்ளையும், சம்பந்தி அம்மாவும் பூனாவில் நல்லபடி இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண் பரவாயில்லை. மூன்று வேளை சொட்டு மருந்து போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. 'இவர் அண்ணனைப் பற்றித் தாங்கள் வெளியில் பேசியது எங்கள் குடும்பத்துக்கு அவமானம். ஸ்கூலுக்குப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லவும்' என்று எழுதியிருந்தாய். கையெழுத்து உன்னுடையது. ஆனால் பிறந்ததிலிருந்து நீ என்னைத் தாங்கள் என்று சொன்னதில்லை. யார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

அங்கே உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நடந்ததை என்னிடமிருந்தும் நீ கேட்க வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று அம்மா தடுத்தாள். பாதி தெரிந்துகொண்டு நீ தவிப்பதைவிட முழுதும் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது.

பின்பக்கத்து அறை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். மழை பெய்தால் சுவர் ஊறி, காரை பாளம் பாளமாக விழும். தலைப்பிரசவத்துக்கு நீ வருவதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அண்ணன் சௌந்தரராஜனே கட்டட வேலை காண்ட்ராக்ட் எடுக்கும்போது வெளி ஆளிடம் போவது மரியாதை இல்லை. போய்க் கேட்டேன். "இன்னா மாமா, இதுக்கு நீங்க நடந்து வரணுமா? சொல்லி அனுப்பினா போதாதா? எங்க வீட்டுப் பிள்ளை பொறக்கப்போற ரூமு. நானே நின்னு பண்ணித் தர்றேன்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கசக்கிறது.

எனக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். ஏன் என்று அப்போது தோன்றவில்லை. வலது கண்ணில் கட்டு. இடது கண்தான் ஏற்கெனவே புகை மூட்டமாயிற்றே. பத்து நாள் முன்னறையில் படுத்தே கிடந்தேன். பின்னால் பூச்சுக் கரண்டி தேய்கிற சத்தம் கேட்கும். "ஆத்து மணல்தானே தம்பி?" என்று கேட்டேன். "ரெண்டு லோடு மாமா, சுத்தமான ஆத்து மணல்" என்றார்.

தினமும் மத்தியானம் அவருக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. சம்பந்தி வீட்டுப் பிள்ளை என்று அம்மா ஒருநாள் மீன், ஒருநாள் கறி என்று செய்து போட்டாள். ஒருநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மருந்து போடும் நேரம். அவரே என் தலையைப் பிடித்து, கட்டை விலக்கி, மருந்து விட்டு, "கண்ணை மூடிக்கோங்க மாமா" என்றார். அந்த விரல் என் இமைமேல் பட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. முகத்தை எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை.

கட்டுப் பிரித்த அன்று நேராக உன் அறைக்குத்தான் போனேன். வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்தது. ஆசையாகச் சுவரில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. ஆற்று மணல் உள்ளங்கையை உறுத்தும். இது முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. நகத்தால் கீறினேன், சாம்பல் நிறத்தில் மாவாகக் கொட்டியது. கீழே மூலையில் அதற்குள் உப்புப் பூத்திருந்தது.

தேவிகா, இருபத்தாறு வருஷம் நான் சுரங்க மில்லில் இருந்தவன். பாறையைப் பொடியாக்கி, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணை எந்த இருட்டிலும் என் கை கண்டுபிடிக்கும். ஷிப்ட் முடிந்தால் அங்கேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வருவேன். நீ ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாய் என்பதற்காகவே. அந்த மண்ணை, அது குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டிலிருந்து சும்மா அள்ளிக்கொண்டு வந்து, பச்சைக்குழந்தை படுக்கிற அறையின் நாலு சுவரிலும் பூசியிருக்கிறார். விஷமெல்லாம் வெயிலில் செத்துப்போயிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாதே. தெரியாமலே தன் தம்பி குழந்தையை அதற்குள் படுக்கவைக்கத் துணிந்தாரே.

அம்மா அன்றைக்கு அழுதுவிட்டாள். மண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டதற்கு, சல்லடையில் சலித்ததால் அப்படி இருக்கிறது என்றாராம். மேலே கேட்டால் சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், உன்னை ஏதாவது சொல்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டாளாம். அவளை நான் என்ன சொல்ல?

மறுநாள் அவர் வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். நாலு பேர் எதிரில் அவரைக் குறைசொல்லக் கூடாது என்று தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டேன். கொஞ்சமாவது முகம் சுருங்கும் என்று நினைத்தேன். சிரித்தார். "ஊரு பூரா இதுலதான் பூசறாங்க மாமா. யாரு செத்துப்போனாங்க?" என்றார். "உங்க சொந்தப் பிள்ளையை அதுல படுக்கவைப்பீங்களா?" என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. "உங்க பொண்ணு எங்க வீட்டுலதான் இருக்குது. அதை மனசுல வெச்சுக்கினு பேசுங்க" என்றார். சத்தம் போடாமல், ஏதோ நல்ல யோசனை சொல்வது மாதிரி சொன்னார்.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இப்படி ஒரு ஆளுக்குத்தான் உன் கல்யாணத்தில் சந்தனம் பூசி, மாலை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் வேலை செய்யும் மேஸ்திரி தங்கவேலு சுத்தியலும் உளியுமாக வந்து நின்றார். உன் அறையைப் பூசியவர் அவர்தான். "எனக்குத் தெரியும் சார். சொன்னா வேலை போயிடும்னு பூசிட்டேன். தூக்கம் வரல" என்றார். நானும் அவரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு சுவரையும் கொத்தி எடுத்தோம். பக்கத்து வீட்டு பாபு தள்ளுவண்டி கொடுத்தான். பதினோரு நடை மேட்டுக்குப் போய் வந்தது. தங்கவேலு கூலி வாங்கவில்லை. சாப்பிடச் சொன்னதற்கும் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டார்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நம் தெருமுனையில் ஞானசுந்தரி டீச்சர் நடத்தும் நர்சரி ஸ்கூலுக்குப் பூச்சு வேலையையும் சௌந்தரராஜன்தான் எடுத்திருக்கிறார். அடுத்த வாரம் இதே மண் அங்கே போகிறது.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தேன். நம் சுவரைக் கொத்தியாயிற்று, அடுத்தவர் சுவர் எப்படிப் போனால் என்ன, என் மகள் அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்றிருந்தேன். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒரு குட்டிப்பெண் போகிற வழியெல்லாம் சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டே போய், அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. அவர் செய்தது ஒரு பங்கு என்றால், தெரிந்தும் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பங்கு இல்லையா? சட்டையைப் போட்டுக்கொண்டு போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் நம் வீட்டுக்கு வந்து, மிச்சம் கிடந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சௌந்தரராஜனுக்குக் கொடுத்த வேலையை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் சௌந்தரராஜன் வந்து தெருவில் நின்று கத்தினார். என்னைக் கண் தெரியாத கிழவன் என்றார். கட்டுப் பிரித்தும் புத்தி வரவில்லை என்றார். "உங்க பொண்ணு பிரசவத்துக்கு இந்த வாசப்படி மிதிக்கமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது.

ஸ்கூலுக்குப் போய் நான் தவறாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன் அம்மா. நீ கேட்டு நான் செய்யாதது அநேகமாக இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை நல்லவர். அவர் அண்ணனை விட்டுக்கொடுக்க முடியாமல் சங்கடப்படுவார். அவரிடம் சண்டை போடாதே. சம்பந்தி அம்மா ஏதாவது சொன்னால் காதில் வாங்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. கீரை சாப்பிடு. பாரம் தூக்காதே.

வேறு மேஸ்திரியை வைத்து அறையை நல்ல மணலில் பூசியாயிற்று. நானே நின்று பார்த்தேன். இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.

இருபத்தேழாம் தேதி நானும் அம்மாவும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூர் போய், அங்கிருந்து பூனா வருகிறோம். வளையலும் புடவையும் அம்மா எடுத்து வைத்துவிட்டாள். உன்னை அழைத்துக்கொண்டு வரத்தான் வருகிறோம். உள்ளே வா என்று சொல்லாவிட்டால், உன் வாசலுக்கு எதிரில் எங்காவது உட்கார்ந்திருப்போம். எனக்கு இப்போது தூரத்தில் வருகிற ஆள்கூட நன்றாகத் தெரிகிறது. நீ வெளியே வந்து ஒரு தரம் நின்றால் போதும். முகத்தைப் பார்த்தாலே உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிடும். வர முடியாது என்றால் அப்படியே உள்ளே போய்விடு, அதற்கும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இரண்டு உயிரும் சேதமில்லாமல் இரண்டாக வேண்டும், அது எந்த ஊரில் என்றாலும் சரி.

நாம் கும்பிடுகிற தெய்வம் உன்னையும் குழந்தையையும் கைவிடாது.

இப்படிக்கு,
உன் வருகைக்காக அறையைத் திறந்து காற்றாட வைத்திருக்கும்
அப்பா