இரண்டாவது கம்பம்

மார்ச் 4, புதன்

காலை ஆறு மணிக்குப் பல் டாக்டர் வாசலில் நிற்கிறாள். மாஸ்டர் போய்ப் பதினொரு நாள் ஆகிறது என்றேன்.

"தெரியும்ங்க. அழுதுட்டுதான் வரேன். ஆனா எனக்கு இன்னும் நாலு கிளாஸ் இருக்கே? தான் இல்லன்னா பொண்ணு சொல்லிக் கொடுப்பான்னார். அவளை மாதிரி வண்டி ஓட்ட ஆளே கிடையாதாமே!"

பொண்ணு நான்தான். ஐந்து தடவை டிரைவிங் டெஸ்ட், ஐந்து தடவையும் பெயில். பன்னிரண்டு வருஷமாக ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. கண்ணாடிக் கடை வேலைக்கு பஸ்தான்.

அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா என்று கூப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். டிரைவிங் ஸ்கூல்காரர், ஊரே மாஸ்டர் என்றது. நானும் மாஸ்டர் என்றேன். "சரிங்க மேடம்" என்றார். இருபத்தேழு வருஷமும் நான் மேடம்தான்.

மார்ச் 5

பொய் சொல்லியிருக்கிறார். என்னை நினைத்து அவ்வளவு வெட்கமா மாஸ்டர்?

மார்ச் 7, சனி

அம்மா விடமாட்டேன் என்கிறாள். "அவர் வாக்குக் கொடுத்துட்டார். போய்ச் சொல்லிக் கொடு."

எனக்கே தெரியாதேம்மா!

"பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் இருக்குல்ல? அதை மிதிக்கத் தெரியும்ல? போதும்."

மார்ச் 8, ஞாயிறு

கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானம். லைசென்ஸ் இல்லாதவள் லைசென்ஸ் இல்லாதவளுக்குப் பாடம் எடுத்தாள். அரை மணி நேரத்தில் பதினேழு தடவை பிரேக் மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் "தேங்க்ஸ்ங்க" என்கிறாள் டாக்டர். மாஸ்டர் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறது.

மார்ச் 14

டாக்டர் முன்னால் போகிறாள், வளைக்கிறாள், நிறுத்தக்கூடச் செய்கிறாள்! அடுத்து அவள் கிளினிக் நர்சும் என்னிடம் சேரப்போகிறாளாம். விளங்கிடும்.

மார்ச் 15, ஞாயிறு

ரிவர்ஸ். எனக்கு எமன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஐந்து டெஸ்டிலும் கம்பத்தில்தான் இடித்தேன். மாஸ்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: "ரெண்டாவது கம்பம் தாண்டினதும் ஸ்டீயரிங்கைத் திருப்புங்க."

டாக்டர் திருதிருவென முழித்தாள். "முதல் கம்பம் கண்ணாடியில தெரிஞ்சதுமே திருப்பணும்னுதானே மாஸ்டர் சொன்னார்? தாண்டினப்புறம் திருப்பினா இடிக்குமேங்க!"

அவளை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். முதல் கம்பம், கண்ணாடி, திருப்பு. வண்டி அலுங்காமல் உள்ளே போய் நின்றது. மறுபடி. மறுபடி. ஒன்பது தடவை. ஒரு தடவைகூட இடிக்கலை.

ஊருக்கெல்லாம் ஒழுங்காச் சொல்லிக் கொடுத்துட்டு எனக்கு மட்டும் தப்பாவா? வேணும்னேவா? அஞ்சு தடவையுமா? அட மனுஷா!

மார்ச் 16

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். வீட்ல நீ அவர்கூட சேர்ந்தாப்ல ரெண்டு வார்த்தை பேசினதுண்டா? வண்டியில ஏறினா மட்டும் உன் வாய் ஓயாதாம். லைசென்ஸ் கிடைச்சிட்டா தனியாப் போயிடுவா, அப்புறம் எங்கூட யார் பேசுவா, இன்னும் ஒரே ஒரு தடவை பெயிலாகட்டும்னார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார். கடைசியில நீ வண்டியையே விட்டுட்ட. மனுஷன் குறுகிப் போயிட்டார். உங்கிட்ட சொல்லத் தைரியம் வரலை."

என்னை மாதிரி ஓட்ட ஆளே கிடையாது என்று நினைத்துக்கொண்டே பெயிலாக்கியிருக்கிறார்! அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. சாப்பிடவில்லை.

மார்ச் 17

செத்துப்போனவர்கிட்ட எப்படிச் சண்டை போடறது?

ஏப்ரல் 23, வியாழன்

டாக்டர் பாஸ். நானும் பாஸ்.

டெஸ்ட் மைதானத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷ வழி. வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. முதல் ஒரு மணி நேரம் அவரைத் திட்டினேன், சத்தமாகவே. சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவர் காலியான பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்தார். திட்டி முடித்ததும் மற்றதெல்லாம் சொன்னேன்: டாக்டரின் பதினேழு பிரேக், கடையில் புது முதலாளி, அம்மா இன்னமும் அவருக்கும் சேர்த்துக் காபி கலப்பது.

நாளை காலையும் வண்டியை எடுக்கிறேன். இன்னும் பன்னிரண்டு வருஷத்துக் கதை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.