வெளுக்காத கொக்கு

பனிமய மாதா துணை

தூத்துக்குடி
ஜூலை 3

அன்புள்ள விஜிலா அப்பாவுக்கு,

அமலோற்பவம் எழுதுவது. நானும் விஜிலாவும் நல்ல சுகம். நீங்களும் கப்பலில் உள்ள எல்லாரும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். கப்பலில் போசன் வேலை பார்க்கிறவருக்கு மாத்திரை வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் தெருச் சமையற்காரத் தம்பி உங்கள் கப்பலில் சேர நாளைக்குக் கொழும்பு போகிறான். அவன் கையில் மக்ரூன் ஒரு டப்பாவும் இரண்டு படங்களும் கொடுத்து விடுகிறேன். போனில் அனுப்பினால் நிறம் மாறித் தெரியும் என்று உங்கள் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்தப் படங்களில் நிறம்தான் விஷயம், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

உப்புக் கம்பெனி ஆபீசில் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குள் இறங்கிவிடுவது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் அதை வாங்கி வந்தது நீங்கள், சோறு அப்படியே திரும்பி வருவதைப் பார்ப்பது நான். காலை வெளிச்சத்தில் எடுத்தால் என்னளா என்று கேட்டால், "காலைல ஆபீசுக்கு நீங்களா போவீங்க?" என்கிறாள். அந்த உச்சி வெயிலில் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லையாம். பறவைக்கு வெளிச்சம் பார்த்து எடுத்தால் உப்புக் குவியல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். உப்புக்குப் பார்த்தால் பறவை கரிக்கட்டை. இவள் உப்புக்குப் பார்த்தே எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பறவை மேல் உள்ள இருட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவாள். நிறத்தைத் தொடமாட்டாள்.

அப்படி மே மாதம் ஒரு கரைக்கொக்கு கிடைத்தது. கருஞ்சாம்பல் உடம்பு, தொண்டையில் மட்டும் வெள்ளை, வாயில் ஒரு பொடிமீன். இங்குள்ள பறவைச் சங்கத்தின் படப் போட்டிக்கு அனுப்ப, என் அண்ணன் அம்புரோஸின் ஸ்டுடியோவில் வைத்துச் சரிசெய்து முடித்தாள். அனுப்பிவிடுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள். அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? காலமெல்லாம் கல்யாணப் பெண்களை வெளுப்பாக்கிய கை. கொக்கையும் வெளுப்பாக்கிவிட்டார்! பின்னால் ரோஸ் கலரில் ஒரு வானம் வேறு.

அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு.

போட்டிப் படங்களின் கண்காட்சிக்கு முந்தின நாள் மண்டபத்தில் போய்ப் பார்த்தவள் முகம் செத்து வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தார். "ஏளா, வெள்ளையிலயும் அந்தக் கொக்கு உண்டாம்லா, எவனுக்குத் தெரியப்போவுது? பேசாம வாங்கிட்டு வா" என்றார். வெள்ளையிலும் உண்டு என்பது நிஜம்தானாம். பரிசு கைக்கு வருகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று நானும் அண்ணன் பக்கம்தான் பேசினேன். விஜிலா கத்தவில்லை. "நான் பாத்த கொக்கு கறுப்பும்மா. அந்த வெயில்ல அதுவும் நின்னுச்சு, நானும் நின்னேன். இது வேற எதுவோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய், சங்கத்தாரிடம் உள்ளதைச் சொல்லிப் படத்தை இறக்க வைத்துவிட்டாள். பரிசு வேறொருவருக்குப் போனது. அவளுடைய சரியான படத்தைப் போட்டியில் சேர்க்காமல், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கதவோரம் மாட்டினார்கள்.

சண்டை போடத்தான் மண்டபத்துக்குப் போனேன். போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றதும் சண்டை மறந்துவிட்டது. உப்பு பரல் பரலாகத் தெரிகிறது. அந்தக் கறுப்புக்குள் எத்தனை இறகு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நீலம்! என் பிள்ளைக்கு இவ்வளவு கண்ணா என்று இருந்தது. மண்டபம் பூட்டும்வரை நான் அங்கிருந்து அசையவில்லை. கை கழுவ வந்தவரையெல்லாம் நிறுத்தி, என் மகள் எடுத்தது என்று சொன்னேன். சாயங்காலம் அண்ணனும் வந்து வெகுநேரம் பார்த்தார். "அமலோ, தொண்டைல இந்த வெள்ளைய நான் கவனிக்கவே இல்லயே" என்றார். பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விஜிலா ஒன்றே ஒன்று கேட்டாள். சம்பந்தம் பேசியிருக்கும் ரெக்சன் வீட்டுக்கு அனுப்பின தன் படம் எது என்று.

அண்ணன் கைபட்ட படம். நீங்களும் நானும் தெரிந்தே அனுப்பியது. உங்கள் போனிலும் அதுதான் இருக்கிறது, கப்பலில் கூட வேலை பார்க்கிற அந்த ரெக்சனிடம் அதைத்தான் காட்டினீர்கள். மணப்பாட்டில் அவன் அம்மா ஹில்டா, "பிள்ள நல்ல வெளுப்பு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மாதா திருவிழாவுக்கு அவன் வந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம்.

இரண்டாவது படம் விஜிலாதான். நடு மதியம், உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கிறாள். ஆபீசில் கூட வேலை செய்யும் முத்துமாரி எடுத்தது, விஜிலாவே சரிசெய்தது. இருட்டை மட்டும்தான் விலக்கியிருக்கிறாள். உங்கள் மூக்கு, என் நிறம். நீங்கள் என்னைக் கட்டும்போது படம் கேட்கவில்லை. மாதா கோயில் வாசலில் கொளுத்துகிற வெயிலில் வைத்துத்தான் பார்த்தீர்கள்.

கொக்கை உங்கள் கேபினில் ஒட்டிக்கொள்ளுங்கள். போனில் உள்ள பழைய படத்தை ரெக்சன் தம்பி முன்னாலேயே அழித்துவிட்டு, இந்தப் படத்தை அவன் கையில் கொடுங்கள். நல்ல சம்பந்தம், போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பெற்ற வயிறு பயப்படத்தான் செய்கிறது. ஆனாலும் கொடுங்கள். தலையைக் குனிந்து கொடுக்காதீர்கள். அன்றைக்கு நான் கதவோரம் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்று, என் மகள் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த நேரத்தில் மாதா உங்கள் பக்கத்தில் நிற்பாள்.

உங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அமலோற்பவம்